கரவெட்டி கிங்குக்கு நூற்றில் நாலு

பெப்ரவரி 2, ஞாயிறு

குதிரைக்குப் பெயர் வைத்தாயிற்று. கரவெட்டி கிங். ஹரோவில் மண்டபம் எடுத்து, பலூன் கட்டி, கேக் வெட்டி, குதிரையே இல்லாமல் குதிரைக்கு ஒரு பெயர்சூட்டு விழா. குதிரை எண்பது மைல் தள்ளி ஒரு லாயத்தில் வைக்கோல் தின்றுகொண்டிருக்கிறது. அதற்கென்ன கவலை.

ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கியது என்று பெயர். நாலு காலும் உடம்பும் குலேந்திரன் மச்சானுடையது, வால் மயிர் மற்ற நாலு வீட்டுக்கும். குலேந்திரன் என் மனைவி வதனியின் அண்ணன். மூன்று பலசரக்குக் கடை, கோயில் சபையில் செயலாளர் பதவி, எந்த மண்டபத்திலும் மைக் அவர் கையில்தான். யாழ்ப்பாணத்துக் கரவெட்டி அவருடைய ஊர். வதனிக்கும் அதுதான் ஊர். எனக்கு மலைநாட்டு நுவரெலியா. இந்த வித்தியாசத்தைப் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது மறக்கவிட்டிருப்பாரா என்றால், இல்லை.

எல்லாரையும் ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார். என் முறை வந்தது.

"இவர் வீரபத்திரன். என்ர தங்கச்சியின்ர மனிசன். எங்கட குதிரை எக்ஸ்பேட் இவர்தான். ஏனெண்டு கேளுங்கோ. இவற்ற அப்பர் நுவரெலியா ரேஸ் கோர்ஸில குதிரைச் சாணி அள்ளினவர்!"

மண்டபமே குலுங்கியது. வதனி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் என் முகம் மட்டும் தனியாகத் தெரிந்திருக்கும்.

அப்பா சாணியும் அள்ளினார்தான். ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் துரைமார் வந்து அவரைத்தான் கேட்பார்கள். அவர் குனிந்து நாலு காலையும் தடவிவிட்டு ஓடும் என்றால் ஓடும், வேண்டாம் என்றால் லாயத்திலேயே கட்டிவிடுவார்கள். அதை மைக்கில் யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கேக் நன்றாக இருந்தது.

பெப்ரவரி 4, செவ்வாய்

பெட்ரோல் நிலையத்தில் காலை ஷிப்ட். கார் கழுவும் இயந்திரம் மறுபடியும் நின்றுவிட்டது. கூட்டமில்லாத நேரத்தில் நாளைய ஓட்டங்களுக்குக் கணிப்பு எழுதினேன்.

நான் பந்தயம் கட்டுவதில்லை. வதனி ஈலிங் அம்மன் முன்னால் சத்தியம் வாங்கிவிட்டாள். எழுதுவது மட்டும்தான். தடை தாண்டும் ஓட்டத்தில் வேகம் மூன்றாம் பட்சம். முதலில் நிலம்: ஈரமா, காய்ந்ததா, எந்தக் குதிரைக்கு எது பிடிக்கும். பிறகு தாண்டல்: தடைக்கு முன்னால் அடியைக் குறைக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறதா. அதற்குப் பிறகு பாரம், வயது, போன தடவை எங்கே களைத்தது. எல்லாம் பார்த்து நூற்றுக்கு ஒரு இலக்கம் போடுவேன். மனுஷனுக்கும் போடலாம். போட்டுமிருக்கிறேன். மச்சானுக்கு இந்தக் கொப்பியில் எத்தனை என்று எழுத மாட்டேன், வதனி வாசித்தாலும் வாசிப்பாள்.

பெப்ரவரி 9, ஞாயிறு

லாயத்துக்குப் போனோம். உரிமையாளர்களுக்கு ஞாயிறு காலையில் குதிரையைக் காட்டுவார்கள். பயிற்சியாளர் ஹட்சன் மச்சானுக்கும் கோயில் தலைவருக்கும் கோப்பி கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் சேற்றில் நின்றேன்.

நின்றதும் நல்லதுதான். கிங்கைப் பார்த்துக்கொள்கிற மெகன் வந்து கதை கொடுத்தாள். வேல்ஸ்காரி, நாற்பத்தாறு வயது, பதினாறு வயதிலிருந்து குதிரைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கியதாம். வேலைக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் இரண்டு விரல் மரத்தே போயிற்று. இந்தக் குளிர்காலத்தில் இரண்டு தரம் குதிரைக்குக் கால் சூடு என்று சத்தம் போட்டாளாம். சூடு என்றால் உள்ளே தசைநார் புண்பட்டிருக்கிறது, ஓடவிடக் கூடாது என்று அர்த்தம். மருத்துவர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றாராம். மூன்றாம் தரமும் அப்படி ஆனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று லாயத்து மேஸ்திரி சொல்லிவிட்டானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எப்படிக் கால் பார்ப்பார் என்று கேட்டாள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்துத் தசைநாரை இரண்டு விரலால் பிடித்து மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினேன். கிங் காலை உதறாமல் நின்றான். கபில நிறம், நெற்றியில் வெள்ளை, ஆறு வயது. என் சட்டைப் பையை மூக்கால் துழாவினான். இந்தச் சனங்கள் வாங்கியதிலேயே உருப்படியான ஒன்று இவன்தான்.

திரும்பும்போது மச்சான் கேட்டார், "சாணி கண்டவுடன ஊர் ஞாபகம் வந்துட்டுதோ?"

பெப்ரவரி 10, திங்கள்

கோயிலில் குதிரை பெயருக்கு அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். மச்சான் லாயத்திலிருந்து பிறந்த திகதியையும் நேரத்தையும் வாங்கி வைத்திருந்தார். ஐயர் பஞ்சாங்கம் பார்த்து, "அசுவினி" என்றார். குதிரைக்கு அசுவினி! கூட்டம் சொக்கிப்போயிற்று. இரண்டு மாமிமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஐயர், "கோத்திரம்?" என்று கேட்டார். மச்சான் யோசிக்கவே இல்லை, "எங்கட கோத்திரமே சொல்லுங்கோ" என்றார்.

எங்கள் கல்யாணத்தில் என் கோத்திரம் என்ன என்று கேட்டுச் சிரித்தது இதே வாய்தான்.

பெப்ரவரி 20, வியாழன்

கிங் ஓடினான். சேறு. நான் போட்டது நூற்றில் முப்பது, மூன்றாம் இடம் வரலாம் என்று. மூன்றாவதாக வந்தான். கடைசித் தடையை அவன் தாண்டியதைப் போனில் ஏழு தரம் பார்த்தேன். என்ன ஒரு தாண்டல்! அடியை எண்ணி எண்ணி வைக்கிறான். ஈர நிலத்துக்கென்றே பிறந்தவன்.

என் கணிப்பை மச்சான் தன் கணிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அறுபத்து மூன்று பேர் கை கும்பிட்டிருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

மார்ச் 12, புதன்

இப்போதுதான் உண்மையான கூத்து.

ஹட்சன் இரண்டு ஓட்டங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ஒன்று வியாழன் 20ஆம் திகதி, மேற்கே ஒரு சின்ன மைதானம், அங்கே மழை விட்டபாடில்லை. மற்றது சனி 22ஆம் திகதி, பெரிய மைதானம், பெரிய கூட்டம். ஆனால் அந்தப் பக்கம் மூன்று கிழமையாக ஒரு துளி மழை இல்லை. நிலம் இறுகிவிட்டது. ஹட்சன் வியாழன்தான் நல்லது என்றார், முடிவு உங்களுடையது என்றும் சொன்னார்.

மச்சான் அதை ஐயரிடம் கொண்டுபோனார். வியாழக்கிழமை மேஷ ராசிக்குச் சந்திராஷ்டமம். அசுவினி மேஷம். ஆகவே குதிரைக்குச் சந்திராஷ்டமம்! சனிக்கிழமை சந்திரன் நல்ல இடத்தில். எமகண்டம் மூன்று மணியோடு முடிகிறது, ஓட்டம் மூன்றே கால். எல்லாம் அளந்து வெட்டின மாதிரி. ஐம்பத்திரண்டு பேர் ஏறுகிற பஸ்ஸும் சனிக்கிழமைதான் கிடைத்ததாம். அதைக் கடைசியில் மெல்லச் சொன்னார்.

மாலையில் எனக்குப் போன்.

"வீரா, நீர் சொல்லும். சனிக்கிழமை ஓடுமோ? ஹட்சன் ஏதோ நிலம் கிலம் எண்டு இழுக்கிறார். நீர் ஓம் எண்டால் நான் பஸ்ஸுக்குச் சொல்லிப் போடுவன்."

காய்ந்த நிலத்தில் கிங்குக்குப் பத்துக்கு மேல் போட மாட்டேன். தோற்பான். ஐம்பத்திரண்டு பேர் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போய், மச்சானின் குதிரை பத்தாவதாக வருவதைப் பார்ப்பார்கள். சிரிப்பை எங்கே அடக்குவது என்று தெரியாமல் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். திரும்பி வருகிற இரண்டு மணி நேரமும் பஸ்ஸில் மைக் சும்மா கிடக்கும்.

"நல்ல சான்ஸ் இருக்கு மச்சான். ஓடட்டும்" என்றேன்.

தோற்பதால் குதிரைக்கு ஒன்றும் ஆகிவிடாது. தோற்காத குதிரை எங்கே இருக்கிறது?

மார்ச் 13, வியாழன்

பஸ் சொல்லியாயிற்றாம். குழுவில் கும்பிடு மழை.

மார்ச் 16, ஞாயிறு

லாயத்துக்கு நான் மட்டும் போனேன். மச்சான் பஸ்ஸில் ஒட்டுகிற பதாகை விஷயமாக அலைந்துகொண்டிருந்தார், "நீர் போய்ப் பாத்துக்கொண்டு வாரும்" என்றார்.

மெகன் வாசலிலேயே காத்திருந்தாள். மேஸ்திரி அந்தப் பக்கம் இல்லையா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். கிங்கின் இடது முன்னங்காலில் கட்டைப் பிரித்தாள்.

"எனக்குச் சூடாகத் தெரிகிறது. என் கையை நான் நம்பவில்லை. மேஸ்திரியிடம் சொன்னால் மறுபடியும் தொடங்கிவிட்டாயா என்பான். உங்களுக்குக் கால் தெரியும், வீரா. நீங்கள் பாருங்கள். சூடு என்று நீங்கள் சொன்னால் இப்போதே ஹட்சனிடம் போய்ச் சொல்கிறேன், வேலை போனாலும் பரவாயில்லை."

குனிந்தேன். இரண்டு விரலால் பிடித்து மேலிருந்து கீழே இறக்கினேன். கிங் என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பாதி வழியில் நிறுத்தினேன். மற்றக் காலையும் பார்த்தேன். பிறகு மறுபடியும் இந்தக் கால்.

எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ தெரியாது. குதிரை ஓடாவிட்டால் பஸ் இல்லை. பஸ் இல்லாவிட்டால் மச்சான் மைக்கைப் பிடித்து, "எங்கட பிள்ளையின்ர கால் முக்கியம்" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றி, அதிலும் நல்ல பெயர் எடுத்துவிடுவார். அந்த மனுஷனை எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்தே விழுவார்.

எழுந்து, "சூடு இல்லை. கட்டுப் போட்டிருந்த வெதுவெதுப்புத்தான்" என்றேன்.

மெகன் என் முகத்தையே பார்த்தாள். "நிச்சயமா?"

"நிச்சயம்."

அவளுக்கு மூச்சு வந்தது. தன் மரத்த விரல்களை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டு, "நல்ல வேளை உங்களைக் கேட்டேன்" என்றாள். டீ ஊற்றித் தந்தாள். நல்ல டீ.

கட்டின் வெதுவெதுப்பாகவும் இருக்கலாம். இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 18, செவ்வாய்

உடுப்புத் துவைக்கிற மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது. ஆள் வந்து ரப்பரை மாற்றினான். வதனி, "ஏன் ரெண்டு நாளாச் சாப்பிடுறியள் இல்லை?" என்றாள். சாப்பிட்டேன்.

மெகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். கிங் மேட்டில் ஓடுகிறான், நொண்டவில்லை. பார்த்தாயா? ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

மேற்கே அந்தச் சின்ன மைதானத்தில் மழை. நாங்கள் விட்டுவிட்ட ஓட்டத்தில் ஆறே குதிரைகள். ஜெயித்த குதிரை, போன மாதம் கிங்குக்குப் பின்னால் வந்தது.

மார்ச் 21, வெள்ளி

நாளைக்குப் பதினொரு குதிரைகள். சில்வர் லேன், காய்ந்த நிலம், நல்ல தாண்டல்: இருபத்தெட்டு. ஓல்ட் கார்பென்ரர், பாரம் கூட, ஆனால் களைக்காது: இருபது. மிஸ்டர் போக், பெயரிலேயே சேறு, நாளைக்கு ஆகாது: ஐந்து. மற்றவை பலவிதம். கரவெட்டி கிங்: நாலு.

பத்து போட்டிருந்தேன். அடித்துவிட்டு நாலு போட்டிருக்கிறேன். காரணம் எழுதவில்லை, நிலம்தான் காரணம்.

உரிமையாளர் பாஸ் ஆறு கிடைத்ததாம். அதைக் கழுத்தில் போட்டால்தான் ஓட்டத்துக்கு முன்னால் குதிரைப் பக்கத்தில் போய் நிற்கலாம். கோயில் தலைவருக்கு ஒன்று, மச்சானின் கணக்காளருக்கு ஒன்று, அந்தக் கணக்காளரின் மனைவிக்கு ஒன்று. எனக்கு இல்லை. "நீர்தானே எல்லாத்தையும் கிட்டக் கண்டனீர்" என்றார் மச்சான். சரி. நியாயம்தான்.

மார்ச் 22, சனி

பஸ்ஸில் எனக்குக் கடைசி இருக்கை, சம்பல் சட்டிக்குப் பக்கத்தில். முன்னால் மச்சான் மைக்கில் தேவாரம் பாடி, பிறகு குதிரையின் சாதகம் சொன்னார். பதாகையில் கிங்கின் படம், அதன் நெற்றியில் யாரோ கம்பியூட்டரில் விபூதி பூசியிருந்தார்கள்.

மைதானத்தில் நான் கூட்டத்தை விட்டுவிட்டு நடந்து, கடைசிக்கு முந்தின தடைக்குப் பக்கத்து வேலியில் போய் நின்றேன். தோற்கிற குதிரை அங்கேதான் தோற்கும். குதிகாலால் நிலத்தைக் குத்திப் பார்த்தேன். கல்.

ஓட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் கிங் ஏழாவது, எட்டாவது. ஒவ்வொரு தடையிலும் அழகாகத் தாண்டினான். இரண்டாம் சுற்றில் நாலாவது. ஒலிபெருக்கியில் அவன் பெயரை அந்த வெள்ளைக்காரன் கரவேடி கிங், கரவேடி கிங் என்று கடித்துக் குதறினான். தூரத்தில் எங்கள் சனம் கத்துவது கேட்டது. சில்வர் லேன் தடையில் இடித்துக்கொண்டு பின்வாங்கியது. திருப்பத்தில் கிங் மற்றக் குதிரைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தான். முன்னால்! ஒரு குதிரை தூரம், இரண்டு குதிரை தூரம் முன்னால். ஜாக்கி கையே அசைக்கவில்லை. கிங் தானாக ஓடிக்கொண்டிருந்தான்.

நான் போட்ட நாலு பிழை. தலைகீழாகப் பிழை. எனக்கு என்ன ஆயிற்றோ, வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கிவிட்டேன். இந்த நாட்டில் பதினெட்டு வருஷமாக யாழ்ப்பாணத்துக் கதை கதைத்துப் பழகின வாயில் என் ஊர்ப் பேச்சு வந்தது.

"வாடா என் ராசா! வா, வா, வா! விட்றாதே! வாடா தங்கம், எந்திரிச்சுப் பற!"

எனக்கு முன்னால்தான் தாண்டினான். வயிற்றைக் கண்டேன். அப்படி ஒரு தாண்டலை நான் பார்த்ததில்லை. இடது காலில் இறங்கினான். காய்ந்த கிளை முறிகிற சத்தம். விழவில்லை. மூன்று காலில் ஓடிக்கொண்டே இருந்தான், நிற்கத் தெரியாமல். நாலாவது கால் கீழே தொங்கி ஆடியது. ஜாக்கி குதித்து இறங்கி, தலையைப் பிடித்து நிறுத்தினான். மற்றக் குதிரைகள் கடந்து போயின.

கால் முறிந்த குதிரையைச் சனம் காணாமல் முடித்துவிடுவதற்கான பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். மெகன் மைதானத்துக்குக் குறுக்கே கயிற்றோடு ஓடி வந்தாள். கிங் அவளைக் கண்டு காதை முன்னால் வைத்தான். அவள் சட்டைப் பையை மூக்கால் துழாவினான்.

திரை கொண்டுவந்த ஆள் வேலியில் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் இந்தக் குதிரையின் ஆளா? உள்ளே வர வேண்டுமா?" என்று கேட்டான்.

"இல்லை. சும்மா பார்க்க வந்தேன்" என்றேன்.

திரையை இழுத்து மூடினான். மூடுவதற்கு முன்னால் மெகன் திரும்பி என்னைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மைக் சும்மா கிடந்தது. நான் நினைத்தது அப்படியே நடந்தது.

மார்ச் 23, ஞாயிறு

எழும்பவில்லை.

மார்ச் 26, புதன்

மச்சான் வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. சனம் செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி வந்துகொண்டேயிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கண்ணூறு என்கிறார்கள். "முன்னுக்கு வந்தாப் பிறகு பட்ட கண்" என்று ஒரு மாமி விளக்கிக்கொண்டிருந்தாள். வென்ற குதிரை என்றே பேச்சு. கோயிலில் ஏப்ரல் 5 சனிக்கிழமை அன்னதானமாம்.

மச்சான் ஒரு மூலையில் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒவ்வொரு செவ்வாயும் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக லாயத்துக்குப் போய் வருவாராம். கரட் கொடுப்பாராம். ஒருவருக்கும் சொல்லவில்லையாம், சிரிப்பார்கள் என்று.

"நான் சொன்னா அது காதை ஆட்டும், வீரா. நான் சொன்னா விளங்கும் அதுக்கு."

அவர் கண்ணீர் என் சட்டைக் கொலரை நனைத்தது. தூக்கித் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

மிருக மருத்துவரின் அறிக்கை வந்திருக்கிறது. அந்தக் காலில் தசைநார் ஏற்கெனவே ஒரு கிழமைக்கு மேலாகப் புண்பட்டிருந்ததாம். யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று ஹட்சன் விசாரணை வைத்தார். மெகன், ஞாயிற்றுக்கிழமை சந்தேகப்பட்டேன், வீராவிடம் காட்டிக் கேட்டேன், இல்லை என்றார் என்று சொல்லியிருக்கிறாள்.

மச்சான் இன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த வீட்டுப் படி ஏறியது இதுதான் முதல் தரம். வதனி நல்ல கோப்பையைத் தேடி எடுத்து டீ ஊற்றினாள்.

"அந்தப் பெட்டை தப்பப் பாக்குது" என்றார். "நான் ஹட்சனுக்கு முகத்துக்கு நேர சொன்னனான். என்ர மச்சான் கால் தொட்டால் பிழைக்காது, அவற்ற தகப்பன் நுவரெலியாவில பெரிய குதிரைக்காரன், துரைமாரே கைகட்டிக் கேட்டவை, அப்பிடிப்பட்ட பரம்பரை எண்டு. எங்கட குடும்பத்து ஆளில பழி போட விடமாட்டன் எண்டு சொல்லிப் போட்டன்."

எங்கட குடும்பத்து ஆள். வதனி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இப்படி ஒரு மலர்ச்சியை நான் கண்டு எவ்வளவு காலம்!

"அவள் கேக்கவே இல்லைத்தானே?" என்றார் மச்சான்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது.

"இல்லை மச்சான். கேட்கவே இல்லை."

"அதை ஒரு கடிதமா எழுதித் தாருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஏப்ரல் 5, சனி

வியாழக்கிழமையே கடிதம் கொடுத்தேன். நாலு வரிதான். மெகனை அன்றைக்கே நிறுத்திவிட்டார்களாம்.

அன்னதானத்தில் மச்சான் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். புதுக் குதிரை பார்க்கிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியது நான்தானாம், ஐயர் அதற்குப் பிறகுதானாம். மைக்கில் அப்பாவைப் பற்றிச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பாயசம் இரண்டு தரம் வைத்தார்கள், நானும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மத்தியானம் மெகனிடமிருந்து செய்தி.

"வீரா, சண்டை பிடிக்க எழுதவில்லை. நான் உங்களைக் கேட்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள். சரி, உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. திங்கட்கிழமை வேறு ஒரு லாயத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். எட்டுக் குதிரையை என் பொறுப்பில் விடுவார்கள். போகலாமா என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லுங்கள், யாரிடமும் காட்ட மாட்டேன். அந்தக் கால் சூடாக இருந்ததா? இருந்தது என்றால் என் கை சரி. நான் வேலைக்குப் போவேன். இல்லையென்றால் இன்னொரு குதிரையைச் சாகக் கொடுக்க என்னால் முடியாது."

இதை மூன்று தரம் வாசித்தேன். யாரிடமும் காட்ட மாட்டேன் என்கிறவர்கள் எல்லாரும் காட்டாமலா இருக்கிறார்கள்? அவள் நல்லவள்தான். காட்டமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நூற்றில் தொண்ணூறு. மிச்சம் பத்து இருக்கிறது. அந்தப் பத்தை நம்பி, பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த ஒன்றை எப்படி விடுவது?

வதனி, "ஆர் மெசேஜ்?" என்றாள்.

"கம்பனி விளம்பரம்" என்றேன்.

"சூடு இல்லை" என்று எழுதி அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. கனநேரத்துக்குப் பிறகு வந்தது.

"நன்றி வீரா. உண்மையைச் சொன்னதற்கு. முப்பது வருஷம் செய்தேன், போதும். திங்கட்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டேன்."

நாளைய ஓட்டத்துக்குப் பதினான்கு குதிரைகள். மச்சான் நாலு மணிக்கு முன்னால் கணிப்பு வேண்டும் என்றிருந்தார். எழுதி அனுப்பிவிட்டேன்.